வீட்டில் ஜெபித்தால் கேட்காதா?

செப்டம்பர் மாதம் வந்தால் எனக்கு ஒரு வேலை நிச்சயம். சிவாஜி நகர் மாதா கோயில் திருவிழாவுக்குச் செய்தி அனுப்ப வேண்டும். ஆகஸ்டு 29-ல் கொடியேற்றம். செப்டம்பர் 8-ல் தேர்பவனி. காவி உடுத்திய பக்தர்கள், மெழுகுவர்த்தி, கூட்ட நெரிசல், போலீஸ் பந்தோபஸ்து. இருபது வரி எழுதி அனுப்பிவிட்டு ரயில்வே டூட்டிக்குப் போய்விடுவேன்.

எவ்வளவு கூட்டம் என்று எழுதுவேன். ஏன் கூடினார்கள் என்று ஒரு வரிகூட எழுதியது கிடையாது. நான் கிறிஸ்தவன் அல்ல. அதைக் கேட்கவேண்டும் என்று தோன்றியதும் இல்லை.

கேட்க வைத்தவர் எங்கள் பார்சல் ஆபீசில் இருக்கும் ஒரு மூத்த ஊழியர். நெல்லைச் சீமைக்காரர், பரம்பரைக் கிறிஸ்தவர். பெயர் போடவேண்டாம் என்றார். ஒரு நாள் நைட் டூட்டியில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது அவரே பேச்சை எடுத்தார்.

"தம்பி, நான் சபைக்குப் போயி பதினோரு வருஷம் ஆச்சு. கமிட்டி எலெக்ஷன்ல ஒரு தகராறு. அன்னைக்கு வெளியே வந்தவன்தான். வேதம் வீட்டில இருக்கு. பிரசங்கம் போன்ல வருது. வீட்டில ஜெபிச்சா ஆண்டவருக்குக் கேக்காதா?"

"கேட்கும் என்றுதானே அண்ணே உங்கள் வேதத்திலேயே இருக்கிறது?" என்றேன்.

"இருக்கு. தனி அறையில கதவைச் சாத்திக்கிட்டு ஜெபம் பண்ணுன்னு இயேசுவே சொல்லியிருக்காரு. அப்புறம் எதுக்கு இத்தனை கோயிலு, இத்தனை கூட்டம்? நீங்க பேப்பர்ல எழுதற ஆளு. விசாரிச்சு எழுதுங்க, படிக்கிறேன்."

விளையாட்டாகச் சொன்னார் என்றுதான் முதலில் நினைத்தேன். அவர் முகம் விளையாட்டாக இல்லை. அதனால் விசாரித்தேன்.

கட்டடத்துக்குப் பெயர் அல்ல

நாம் கோயில் என்கிறோம், மாதா கோயில் என்கிறோம். புராட்டஸ்டண்டு அன்பர்கள் ஆலயம் என்பார்கள். ஆனால் கிறிஸ்தவர்களின் புதிய ஏற்பாட்டில் இதற்குள்ள கிரேக்கச் சொல் 'எக்ளேசியா'. அது கட்டடத்தைக் குறிக்கும் சொல் அல்ல. கிரேக்க நகரங்களில் குடிமக்களை அழைத்துக் கூட்டும் பொதுக்கூட்டத்துக்கு அந்தப் பெயர். தமிழில் அதைத்தான் 'சபை' என்றும் 'திருச்சபை' என்றும் எழுதினார்கள். மிகச் சரியான சொல். சபை என்றால் நமக்கு முதலில் ஞாபகம் வருவது மனிதர்கள்தானே?

முதல் இருநூறு ஆண்டுகளுக்கு மேல் கிறிஸ்தவர்களுக்குத் தனிக் கட்டடம் என்று பெரிதாக எதுவும் இல்லை. வீடுகளில் கூடினார்கள். சில காலம் கூடுவதே ஆபத்தாகவும் இருந்தது. அப்படியிருந்தும் கூடினார்கள். வீட்டில் ஜெபித்தால் போதும் என்றால், உயிரைப் பணயம் வைத்து இன்னொருவர் வீட்டுக்கு ஏன் போகவேண்டும்?

ஒரு கவர்னரின் கடிதம்

இதற்கு ஒரு சாட்சி இருக்கிறது. சாட்சி சொன்னவர் கிறிஸ்தவர் அல்ல. அவர்களை விசாரித்துத் தண்டித்த அதிகாரி.

சுமார் கி.பி. 112-ல், இன்றைய துருக்கியின் வட பகுதியிலிருந்த பித்தினியா மாகாணத்துக்கு பிளினி என்ற ரோமானியர் கவர்னராக இருந்தார். கிறிஸ்தவர்கள் என்று சிலரைப் பிடித்துக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். என்ன குற்றம் என்று அவருக்குப் புரியவில்லை. விசாரித்து, பேரரசர் டிராஜனுக்கு ஓர் அறிக்கை அனுப்பினார். ஆபீசில் மேலதிகாரிக்கு நோட் போடும் நம்மைப்போன்ற குமாஸ்தாக்களுக்கு அந்தக் கடிதத்தின் நடை நன்றாகவே புரியும்.

அவர் கண்டுபிடித்தது இவ்வளவுதான். இவர்கள் ஒரு குறிப்பிட்ட நாளில் விடியுமுன் கூடுகிறார்கள். கிறிஸ்துவைத் தெய்வமாக எண்ணி மாறிமாறிப் பாடுகிறார்கள். திருடமாட்டோம், விபசாரம் செய்யமாட்டோம், வாக்குத் தவறமாட்டோம், நம்பிக் கொடுத்த பொருளைத் திருப்பிக் கேட்டால் இல்லை என்று சொல்லமாட்டோம் என்று உறுதி எடுத்துக்கொள்கிறார்கள். பிறகு கலைந்துபோய், மறுபடி கூடிச் சாதாரணச் சாப்பாடு சாப்பிடுகிறார்கள்.

விடியுமுன் ஏன்? அன்று ஞாயிறு விடுமுறை நாள் அல்ல. ஞாயிற்றுக்கிழமைக்கு ஓய்வு கொடுத்துச் சட்டம் போட்டவர் பேரரசர் கான்ஸ்டன்டைன், அது 321-ல். அதுவரை வேலைக்குப் போகுமுன்தான் கூடவேண்டும். வந்தவர்களில் அடிமைகளும் இருந்தார்கள். உண்மை அறிய பிளினி சித்திரவதை செய்த இருவர் அடிமைப் பெண்கள். அந்தச் சபையில் ஊழியப் பொறுப்பு வகித்தவர்கள்.

கூட்டம் என்றாலே ரோமானிய அரசுக்குப் பயம். ஒரு நகரத்தில் பெரிய தீவிபத்து நடந்த பிறகு, 150 பேர் கொண்ட தீயணைப்புப் படை அமைக்கலாமா என்று இதே பிளினி கேட்டார். வேண்டாம், எந்தப் பெயரில் கூடினாலும் அது பிறகு அரசியல் கட்சியாகிவிடும் என்று டிராஜன் மறுத்துவிட்டார். அப்படிப்பட்ட ராஜ்யத்தில் அடிமையும் எஜமானும் ஓரிடத்தில் கூடிச் சாப்பிட்டால் அது சின்ன விஷயமா?

ஞாயிறு அன்று நடந்தது

இன்னும் நாற்பது ஆண்டுகள் கழித்து, சுமார் 155-ல், ரோம் நகரில் ஜஸ்டின் என்ற கிறிஸ்தவ அறிஞர் பேரரசருக்கு ஒரு விளக்கம் எழுதினார். ஞாயிற்றுக்கிழமை நாங்கள் கூடி என்ன செய்கிறோம் என்று அதில் வரிசையாகச் சொல்கிறார். இந்த ஜஸ்டின் பிறகு கொல்லப்பட்டார்.

பட்டணத்திலும் கிராமத்திலும் இருப்பவர்கள் ஓரிடத்தில் கூடுவார்கள். அப்போஸ்தலர்களின் நினைவுக் குறிப்புகளையோ தீர்க்கதரிசிகளின் எழுத்துகளையோ நேரம் இருக்கும்வரை வாசிப்பார்கள். தலைவர் அதை விளக்கிப் புத்தி சொல்வார். எல்லாரும் எழுந்து ஜெபிப்பார்கள். அப்பமும், தண்ணீர் கலந்த திராட்சரசமும் கொண்டுவந்து, நன்றி கூறிப் பகிர்ந்துகொள்வார்கள். வரமுடியாதவர்களுக்கு அவர்கள் பங்கை வீட்டுக்கே எடுத்துப் போவார்கள். வசதி உள்ளவர்கள் இஷ்டப்பட்டதைக் கொடுப்பார்கள். அது தலைவரிடம் இருக்கும்.

அந்தப் பணம் யாருக்கு? அநாதைகள், விதவைகள், நோயாளிகள், சிறையில் இருப்பவர்கள். கடைசியாக, வெளியூரிலிருந்து வந்து தங்கியிருக்கும் அந்நியர்கள்.

இந்தக் கடைசிப் பெயரைக் கண்டதும் எனக்குப் பெங்களூர்தான் ஞாபகம் வந்தது. வெளியூரிலிருந்து வந்து தங்கியிருக்கும் அந்நியர். அது நாம்தானே?

இன்றும் சிவாஜி நகர் பூசையானாலும், சி.எஸ்.ஐ. ஆராதனையானாலும், அந்த வரிசையின் எலும்புக்கூடு மாறவில்லை. வாசகம், பிரசங்கம், மன்றாட்டு, அப்பமும் ரசமும், காணிக்கை. எதற்கு எவ்வளவு இடம் என்பதில்தான் வித்தியாசம். கத்தோலிக்கருக்குத் திருப்பலியே நடு. ஞாயிறு பூசை காண்பது அவர்களுக்குக் கடமை. புராட்டஸ்டண்டு சபைகளில் பிரசங்க பீடத்துக்குப் பெரிய இடம். பெந்தெகொஸ்தே கூடங்களில் விசுவாசி ஒவ்வொருவரும் எழுந்து சாட்சி சொல்லலாம்.

எல்லாரும் ஒப்புக்கொள்கிற கணக்கு ஒன்று உண்டு. கூடுவதன் நோக்கம் நான்கு: கடவுளை வணங்குவது, வேதத்தைக் கற்பது, ஒருவரையொருவர் தாங்குவது, வெளியே போய்த் தொண்டு செய்து தங்கள் விசுவாசத்துக்குச் சாட்சியாக இருப்பது. முதல் இரண்டை ஒருவர் வீட்டில் இருந்தே ஓரளவு செய்துவிடலாம். பின் இரண்டுக்கும் இன்னொரு ஆள் வேண்டும்.

தண்டுக்கு வந்தவர்கள்

பெங்களூருக்கு வருவோம். 1809-ல் வெள்ளையர்கள் இங்கே ராணுவத் தண்டு அமைத்தபோது, சென்னை ராணுவத்தோடு தமிழர்கள் வந்தார்கள். சிப்பாய்கள், சமையற்காரர்கள், குதிரைக்காரர்கள், கொத்தனார்கள், வியாபாரிகள். 1864-ல் ஜோலார்பேட்டையிலிருந்து தண்டு ஸ்டேஷனுக்கு ரயில் வந்தது. பிறகு வடஆற்காட்டு ஜனங்கள் வருவதற்குக் கேட்கவேண்டுமா? கோலார் தங்கவயல் சுரங்கங்களும் திறந்தபின் இந்தப் பக்கமே தமிழ்க் குரலாகிவிட்டது.

சிவாஜி நகருக்கு அன்று பிளாக்பள்ளி என்று பெயர். செஞ்சிப் பக்கத்திலிருந்து வந்த தமிழ்க் கிறிஸ்தவர்கள் இங்கே காணிக்கை மாதா பெயரில் ஒரு சிறு கோயில் வைத்து வணங்கினார்கள் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. 1799-ல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தபின் மைசூர் ராஜ்யத்துக்கு வந்த பிரெஞ்சுப் பாதிரியார் துபுவா இவர்களுக்குப் பூசை வைத்தார். 'தொட்ட சாமியார்' என்று கன்னடத்தார் அழைத்தது இவரைத்தான். இன்று நாம் பார்க்கும் உயர்ந்த கோபுரக் கோயில் 1882 செப்டம்பர் 8-ல் அர்ச்சிக்கப்பட்டது. 1974-ல் போப்பாண்டவர் ஆறாம் பவுல் அதற்குப் பசிலிக்கா என்ற தகுதி கொடுத்தார். மாதாவுக்குச் சேலை உடுத்துவது நம் ஊர் வழக்கம்.

ஆங்கிலிக்கன் சபையும் வெஸ்லியன் சபையும் 19-ஆம் நூற்றாண்டிலேயே தண்டுப் பகுதியில் தமிழருக்கென்று ஆராதனை தொடங்கிவிட்டன. 1947 செப்டம்பர் 27-ல் இவை இரண்டும் இன்னும் சில சபைகளோடு சேர்ந்து தென்னிந்தியத் திருச்சபை ஆயின.

ஊரை விட்டு வந்தவனுக்கு இந்தக் கூட்டங்கள் என்ன கொடுத்தன? பெரியவர்கள் சொன்னதைத் தொகுத்தேன். முதலில், வாடகைக்கு வீடு எங்கே கிடைக்கும் என்று சொல்ல ஆள். பிறகு வேலைக்குச் சிபாரிசு. கல்யாணம் என்றால் கோயிலில் மூன்று முறை ஓலை வாசிப்பார்கள். மாப்பிள்ளைக்கு ஊரில் வேறு பெண்டாட்டி இருந்தால் அதற்குள் தெரிந்துவிடும். சாவு என்றால் தூக்க ஆள். வின்சென்ட் தே பவுல் சபைக்காரர்கள் ஏழை வீடுகளுக்கு அரிசி கொண்டுபோய்க் கொடுப்பார்கள். பாரிசில் 1833-ல் கல்லூரி மாணவர்கள் தொடங்கிய சங்கம் அது.

என் வீட்டிலேயே ஒரு உதாரணம். என் அப்பா ரயில்வே சர்வீசில் இருக்கும்போதே காலமானார். அந்த வேலைதான் எனக்குக் கிடைத்தது. ஜோலார்பேட்டையிலிருந்து உறவுக்காரர்கள் வந்து சேர மத்தியானம் ஆகிவிட்டது. அதுவரை பெஞ்சு கொண்டுவந்து போட்டவர்களும், அம்மாவுக்குக் காபி கொடுத்து உட்கார வைத்தவர்களும் தெருக்கோடி அன்பியத்துப் பெண்கள். பத்து முப்பது குடும்பங்கள் சேர்ந்து வாரம் ஒரு வீட்டில் ஜெபம் செய்யும் குழுவுக்கு அன்பியம் என்று பெயர். எங்கள் வீட்டில் அவர்கள் ஜெபம் எதுவும் சொல்லவில்லை. பாத்திரம் கழுவி வைத்துவிட்டுப் போனார்கள்.

எந்த மொழியில்?

இவ்வளவு நல்லதென்றால் தகராறு ஏன் வருகிறது? இதையும் மறைக்காமல் எழுதவேண்டும்.

முன்பு கத்தோலிக்கப் பூசை லத்தீனில் இருந்தது. அது எல்லாருக்கும் சமமாகப் புரியாத மொழி. ஆகவே அதற்காகச் சண்டை இல்லை. 1963 டிசம்பரில் இரண்டாம் வத்திக்கான் சங்கம், மக்கள் மொழியிலும் வழிபாடு நடத்தலாம் என்று வழிவிட்டது. எல்லா ஊரிலும் சந்தோஷம். பெங்களூரில் மட்டும் ஒரு கேள்வி: எந்த மக்கள், எந்த மொழி?

தண்டுப் பகுதிக் கோயில்களில் தமிழர் அதிகம். கன்னட நாட்டில் கன்னடத்துக்குத்தானே முதலிடம் என்று கன்னடக் கிறிஸ்தவர்கள் கேட்டார்கள். அதில் நியாயம் இல்லை என்று யாரும் சொல்லமுடியாது. நாங்கள் தலைமுறை தலைமுறையாகப் பாடி வந்த தமிழ் எங்கே போவது என்று நம்மவர்கள் கேட்டார்கள். அதிலும் நியாயம் உண்டு. 1970-களிலிருந்து பல ஆண்டுகள் இந்தச் சச்சரவு நீடித்தது. கோயில் வாசலுக்கும் தெருவுக்கும் வந்தது. 1991 டிசம்பரில் காவிரிக் கலவரம் நடந்தபோது தமிழ் பேசவே பயந்த நாட்கள் இருந்தன. 2016 செப்டம்பரில் மறுபடி பார்த்தோம்.

இந்த இடத்தில் எனக்கு வியப்பளித்த செய்தி ஒன்று. கிறிஸ்தவ சபை தோன்றிய புதிதில் எழுந்த முதல் உட்சண்டைகளில் ஒன்றே மொழிக்காரர்களுக்குள் வந்தது. அப்போஸ்தலர் பணி நூலின் ஆறாம் அதிகாரத்தில் அது இருக்கிறது.

எருசலேம் சபையில் உள்ளூர் அரமேய மொழிக்காரர்களும் இருந்தார்கள். வெளிநாடுகளில் வாழ்ந்து திரும்பிய கிரேக்க மொழிக்காரர்களும் இருந்தார்கள். தினமும் ஏழை விதவைகளுக்குச் சாப்பாடு கொடுப்பது சபையின் வேலை. பந்தியில் எங்கள் விதவைகளைக் கவனிப்பதில்லை என்று கிரேக்க மொழிக்காரர்கள் முறையிட்டார்கள்.

தலைவர்கள் என்ன செய்தார்கள்? முறையிட்டவர்களை அடக்கவில்லை. இரண்டு சபையாகப் பிரித்துவிடவும் இல்லை. பந்தி விசாரணைக்கு ஏழு பேரைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். தேர்ந்தெடுக்கப்பட்ட ஏழு பேரின் பெயரும் கிரேக்கப் பெயர். முதல் பெயர் ஸ்தேவான். நம் கத்தோலிக்கர் முடியப்பர் என்று அழைக்கும் அதே புனிதர். சுருக்கமாகச் சொன்னால், யாருக்குச் சோறு குறைந்ததோ அவர்கள் தரப்பிடமே கரண்டியைக் கொடுத்துவிட்டார்கள்.

மொழி பெரிதா, விசுவாசம் பெரிதா என்று அங்கே பட்டிமன்றம் நடத்தியதாகத் தெரியவில்லை. எந்தக் கிழவி பட்டினி என்று பார்த்திருக்கிறார்கள்.

தமிழ் கேட்கவேண்டும் என்பதற்காக மட்டும் கூடுவதானால் அதற்கு அல்சூரில் 1950-ல் தோன்றிய பெங்களூர்த் தமிழ்ச் சங்கம் இருக்கிறது. 2009 ஆகஸ்டில் திறந்துவைத்த திருவள்ளுவர் சிலை இருக்கிறது. தாய்மொழியில் அழுது ஜெபிக்கும் உரிமை பெரிய உரிமைதான். ஆனால் ஒரு சபைக்கு மொழி வாசற்படி; படியிலேயே உட்கார்ந்துவிட்டால் பின்னால் வருகிறவன் எப்படி உள்ளே போவான்?

இடிந்த சுவர்

மொழி ஒன்றானால் மட்டும் ஒற்றுமை வந்துவிடுமா? நம் ஊர்க் கதை வேறு மாதிரி சொல்கிறது.

திருநெல்வேலிச் சீமை வடக்கன்குளத்தில் எல்லாரும் தமிழர், எல்லாரும் கத்தோலிக்கர். ஆனால் சாதிக்குச் சாதி தனியாக உட்கார, 19-ஆம் நூற்றாண்டில் கோயிலையே கால்சட்டைபோல் இரண்டு காலாகப் பிரித்துக் கட்டி நடுவில் சுவரும் எழுப்பினார்கள். இரண்டு பக்கத்தாருக்கும் பீடம் தெரியும். ஒருவருக்கொருவர் முகம் தெரியாது. 1910-ல் குருக்கள் அந்தச் சுவரை இடிக்க ஏற்பாடு செய்தார்கள். சுவர் எங்கள் உரிமை என்று வழக்குப் போட்டவர்களின் வாதத்தைச் சென்னை உயர்நீதிமன்றம் ஏற்கவில்லை.

கல்சுவர் போயிற்று. கல்லறையில் தனி வரிசை, தேர் எந்தத் தெருவுக்கு வரும் என்ற தகராறு ஆகியவை தமிழ்நாட்டில் இன்னும் சில ஊர்களில் இருப்பதை நாம் அறிவோம்.

கொரிந்து நகரத்துச் சபைக்குப் பவுல் எழுதிய கடிதத்திலும் இதே கண்டிப்பு இருக்கிறது. அங்கே வசதியானவர்கள் முந்தி வந்து சாப்பிட்டுவிடுவார்கள். வேலை முடிந்து வரும் ஏழைக்கு ஒன்றும் இருக்காது. இப்படிக் கூடுவதால் உங்களுக்கு நன்மை இல்லை, கேடுதான் என்ற பொருளில் கடுமையாக எழுதுகிறார். ஆக, கூடினால் போதும் என்று கிறிஸ்தவ வேதமே சொல்லவில்லை. கூடுகிற விதத்துக்கு ஒரு பரீட்சை வைத்திருக்கிறது. கடைசியில் வந்தவனுக்குப் பங்கு இருந்ததா என்பதே அந்தப் பரீட்சை.

கதவு மூடிய ஆண்டு

2020 மார்ச்சில் கொரோனா வந்து எல்லா வழிபாட்டு இடங்களும் மூடின. அந்த ஆண்டு ஏப்ரல் 12 ஈஸ்டர். கோயில்களில் ஜனம் இல்லை. பூசை செல்போனில் வந்தது. எங்கள் பார்சல் ஆபீஸ் அண்ணன் பிரசங்கம் கேட்கப் பழகியதும் அப்போதுதான். வீட்டில் ஜெபித்தால் போதுமா என்ற கேள்விக்கு உலகம் முழுவதும் ஒரே சமயத்தில் பரிசோதனை நடந்தது என்று சொல்லலாம்.

பிரசங்கம் வீட்டுக்கு வந்தது. பாட்டும் வந்தது. காணிக்கையைக்கூட போனிலேயே அனுப்பலாம். அப்பத்தை அனுப்ப முடியவில்லை. இறந்தவரைத் தூக்க ஆள் அனுப்ப முடியவில்லை. உறவினர்களே தொடப் பயந்த அந்த நாட்களில் பெங்களூர்க் கல்லறைகளிலும் சுடுகாடுகளிலும் உறைபோன்ற உடுப்புப் போட்டுக்கொண்டு பிணங்களை இறக்கியவர்கள் தொண்டர்கள். கிறிஸ்தவர், முஸ்லிம், இந்து எல்லாரும் அதில் இருந்தார்கள். ஜனம் இல்லாமல் பூட்டிக் கிடந்த கோயில்களுக்கு அந்த நாட்களில் திருச்சபை எங்கே இருக்கிறது என்று கேட்டிருந்தால், அது கல்லறையில் குழிவெட்டிக்கொண்டு இருக்கிறது என்றுதான் பதில் வந்திருக்கும்.

கடைசி பெஞ்சு

சென்ற மாதம் ஒரு ஞாயிறு விடியற்காலை, நைட் டூட்டி முடிந்த கையோடு சிவாஜி நகர் கோயிலுக்குப் போனேன். செய்தி எழுத அல்ல, பார்க்க. தமிழ்ப் பூசை. பாதிப்பேர் நம்மைப்போல் டூட்டி முடித்தோ, டூட்டிக்குப் போகுமுன்போ வந்தவர்கள். பூக்காரம்மா கூடையை வெளியே வைத்துவிட்டு வந்திருந்தார். பிளினியின் விடியற்காலைக் கூட்டம் இப்படித்தான் இருந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

கடைசி பெஞ்சுக்குப் பின்னால், செக்யூரிட்டி உடுப்பில் ஒரு பையன் நின்றான். முகத்தைப் பார்த்தால் ஒரிசா, ஜார்க்கண்ட் பக்கம். தமிழ் தெரியாது என்பது தெரிந்தது. முன்னால் இருந்த அம்மாள் திரும்பிப் பார்த்தார். சற்று நகர்ந்து இடம் விட்டு, கையிலிருந்த பாட்டுப் புத்தகத்தை அவனுக்கும் தெரியும்படி நடுவில் பிடித்தார். அவனால் ஓர் எழுத்தும் வாசிக்க முடியாது. ஆனாலும் கடைசிவரை அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.

நாம் வந்தபோது யாரோ நமக்கு நகர்ந்து இடம் கொடுத்தார்கள். கொடுக்காதவர்களும் உண்டு. இப்போது இந்தப் பெங்களூரில் பெஞ்சு நம்முடையது, நிற்கிறவன் வேறொருவன். நம் சபைகளுக்கும் சங்கங்களுக்கும், கிறிஸ்தவமானாலும் வேறு மதமானாலும், இனி உள்ள கேள்வி அது என்று எனக்குத் தோன்றுகிறது.

இதையெல்லாம் எழுதி எடுத்துக்கொண்டுபோய் பார்சல் ஆபீஸ் அண்ணனிடம் கொடுத்தேன். கண்ணாடி போட்டுக்கொண்டு முழுவதும் படித்தார். பிறகு அதுவரை சொல்லாத ஒன்றைச் சொன்னார்.

"என் வீட்டுக்காரி மூணு மாசம் முந்தி வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிஞ்சு ஆஸ்பத்திரியில கெடந்தா. சபையில இருந்து ஒரே ஒருத்தர் வந்தாரு. தினமும் கஞ்சி கொண்டாந்தாரு. யாரு தெரியுமா? அந்த எலெக்ஷன்ல எனக்கு எதிரா நின்னவரு. பதினோரு வருஷமா நான் அவரு முகத்தைப் பாத்தது இல்லை."

"நீங்கள் என்ன சொன்னீர்கள் அண்ணே?"

"ஒண்ணும் சொல்லலை. பாத்திரத்தைக் கழுவிக் கொடுத்தேன்." சற்று நேரம் பேசாமல் இருந்தார். "வீட்டில ஜெபிச்சது கேட்டிருக்கு தம்பி. அது சந்தேகமில்லை. கேட்டதுக்குப் பதிலு அந்த ஆளு கையில தூக்குவாளியில வந்துடுச்சு. அதான் இப்போ தொந்தரவா இருக்கு."

போகப்போகிறாரா என்று கேட்டேன். நேராகப் பதில் சொல்லவில்லை. டியூட்டி ரோஸ்டரை எடுத்து விரலால் தடவிப் பார்த்தார்.

"வர்ற ஞாயிறு எனக்கு ரெஸ்டுதான்" என்றார்.